கீழ்த்தாடை, இடப்பக்கம்

அராலிக் கரையில்
தண்ணீர்க் குழாய்க்கு வெட்டிய கிடங்கில்
முதலில் வந்தது ஒரு சட்டி.
பிறகு அவள்.
பொலிஸ் வந்தது, நீதவான் வந்தார்.
இங்கே எலும்பு வெளிப்பட்டால்
எல்லாரும் கேட்பது ஒன்றுதான்:
பழசா, புதுசா?

பழசு.
சட்டிக்குள் கிடந்த கரித்துண்டைக் கடல்கடந்து அனுப்பினோம்.
இரண்டாயிரம் வருசம், முன்பின் எண்பது
என்று கடிதம் வந்தது.
பொலிஸ் போய்விட்டது.
எனக்கு மிஞ்சியது
மாரி பிஸ்கட் பெட்டியில், பஞ்சு சுற்றி,
ஒரு கீழ்த்தாடை.

தூரிகையால் மண்ணைத் தட்டுகிறேன்.
பதினொரு பல். மூன்றில் சூத்தை.
இடப்பக்கக் கொடுப்புப்பல் ஒன்று
எங்கள் கிணறுகளைப் போல
சுண்ணாம்பைக் குடைந்து இறங்கியிருக்கிறது.
அதன் அடியில், எலும்பில்,
சீழ் தன் வாய்க்காலைத் தானே வெட்டிய துளை.
ஊசி நுழையும்.
விளிம்பு வழவழவென்று ஆறியிருக்கிறது.
நாள்கணக்கு இல்லை இது, வருசக்கணக்கு.

வலப்பக்கமோ தேய்ந்து தட்டை.
திரிகைக் கல்லின் துகளும் மட்டிச்சதையின் மணலும்
அரைத்து அரைத்துப் பல்லையே அம்மியாக்கிவிட்டன.
இடப்பக்கம் காரை, மஞ்சளாய்த் தடித்து.
மெல்லாத பக்கத்தில்தான் காரை ஏறும்.
ஆக, இவள் ஒரு பக்கத்தால் உண்டு வாழ்ந்தவள்.
முப்பத்தைந்து வயதிருக்கும்.

வேட்டையாடித் திரிந்த வாய்களில் சூத்தை இவ்வளவு இல்லை,
விதைக்கத் தொடங்கிய பிறகு
வாய்க்குள்ளும் ஒரு வயல் விளைந்தது
என்று விரிவுரையில் சொல்வேன்.
பின்வரிசையில் துவாரகன்
கொட்டாவி விடுவான், கடைவாய் மூன்று அடைப்பும் தெரிய.

செவ்வாய்க்கிழமை கனகாம்பிகை வந்தா.
எங்கே மண் கிண்டினாலும் வருவா,
காவலாளி பெயர்கூடக் கேட்பதில்லை.
கைப்பைக்குள் பொலித்தீனில் சுற்றிய அட்டை:
யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரி, பல் பகுதி,
தொண்ணூற்றைந்து பெப்ரவரி.
அருமைத்துரை.
கீழ், வலம், இரண்டாம் கொடுப்பு. வெள்ளி அடைப்பு.

"பழசு எண்டுதான் பேப்பரில கிடந்தது.
எண்டாலும் ஒருக்கால் பாக்கலாமோ?"

விளக்கைத் திருப்பிப் பிடித்தேன்.
மூக்குக்கண்ணாடியை இறக்கி வலப்பக்கம் பார்த்தா.
எதுவும் மின்னவில்லை.

"வரமாட்டன் எண்டு நிண்டவர். ஊசிக்குப் பயம்.
நான்தான் சைக்கிளில ஏத்திக்கொண்டு போனனான்.
சீனி இல்லாத காலம்,
பனங்கட்டியைக் கடிச்சுக் கடிச்சுத்தான் தேத்தண்ணி.
நாளுக்கு ஆறு தரம். நானே ஊத்திக் குடுத்தது."
கொஞ்சம் பொறுத்து,
"நல்ல காலம் சூத்தை வந்தது" என்றா.

என் படிவத்தில் மூன்று கட்டங்கள்:
உண்டு. இல்லை. அறிய முடியவில்லை.
நல்ல காலத்துக்கு இடம் விடவில்லை.

போகத் திரும்பினவ நின்றா.
"இந்தப் பக்கம்... நொந்திருக்குமே?"
"ஓம்."
"ராவில?"
"ராவில்தான் கூட."

தன் இடக்கன்னத்தில் உள்ளங்கையை வைத்தா.
"ஆராவது கராம்பு வச்சுவிட்டிருப்பினம்."
அது கேள்வி இல்லை.
அந்தக் காலத்தில் கராம்பு
இந்தக் கரைக்கு வந்ததா?
என்னிடம் ஆதாரம் இல்லை.
இருப்பினம் என்றேன்.

தாடையைப் பஞ்சில் வளர்த்தினேன்,
இடப்பக்கம் மேலே,
ஒன்றும் அழுத்தாதபடி.
அட்டையை மடித்து ரப்பர் வளையம் இரண்டு தரம் சுற்றி,
"வெள்ளிக்கிழமை இன்னொரு இடத்தில கிண்டினமாம்.
அந்தப் பக்கம் பஸ் இருக்கோ?" என்று கேட்டா.

காலமை ஒன்று இருக்கு, ஏழு பத்துக்கு.